வேங்கையும் வேளாவும்

திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் ஏறி நின்று சுற்றிப் பார்த்தால் தெரிவது முழுக்க நிலம்தான். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழனி மலைத்தொடர், நடுவில் வீடுகளும் தோட்டங்களுமாக விரிந்து கிடக்கும் சமவெளி. கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இந்த ஊர்க்காரருக்குப் புலி என்றால் ஏதாவது ஒரு கதை தெரிந்திருக்கும். பழனிக்குப் போனவர்களுக்குப் புலி மேல் ஏறி வந்த புலிப்பாணி சித்தர் தெரியும். ஆனால் திருக்கை என்றால்? கருவாட்டுக் கடையில் உப்புப் பூத்து, துண்டு துண்டாக அடுக்கி வைத்திருக்கும் ஒரு சரக்கு, அவ்வளவுதான். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்று பாட்டிகள் வாங்கிப் போவார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன? ஒன்று காட்டில், ஒன்று கடலில். புலியும் சுறாவும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று சின்னப் பிள்ளைகள் கேட்பது போல இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். தமிழர் வரலாற்றில் இந்த இரண்டு உயிர்களும் ஒரே காலத்தில், ஒரே மக்களால், ஏறக்குறைய ஒரே மாதிரியான பயத்தோடும் மரியாதையோடும் பார்க்கப்பட்டவை. பிறகுதான் இரண்டின் பாதையும் பிரிந்தது. எப்படிப் பிரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே பேசப் போகும் திருக்கை, கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திருக்கை இல்லை. அதன் பெயர் வேளா. வேளா மீன் என்றும் வேளாச் சுறா என்றும் சொல்வார்கள். முகத்துக்கு முன்னால் நீளமாக ஒரு ரம்பம் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். பார்ப்பதற்குச் சுறா மாதிரியே இருப்பதால் பேரிலும் சுறா ஒட்டிக்கொண்டது. ஆனால் உயிரியல்படி அது திருக்கை இனம். கண்டுபிடிப்பது சுலபம். சுறாவுக்குச் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருக்கும், திருக்கைக்கு வயிற்றுப் பக்கம், அடியில் இருக்கும். வேளாவைப் புரட்டிப் போட்டுப் பார்த்தால் செவுள் அடியில் இருக்கிறது. ஆக, அது நீளமாக வளர்ந்த ஒரு திருக்கை.

எவ்வளவு நீளம்? பெரிய பல் வேளா என்று சொல்லக்கூடிய இனம் 6 மீட்டரைத் தாண்டியும் வளரும். எடை பல நூறு கிலோ. நன்றாக வளர்ந்த ஆண் வங்கப் புலி 200 முதல் 250 கிலோ வரை இருக்கும். எடையை மட்டும் பார்த்தால் இரண்டு புலி சேர்ந்தால்தான் ஒரு பெரிய வேளா. கொம்புத் திருக்கை என்னும் மாண்டாவை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் மோசம். இறக்கைக்கு இறக்கை 7 மீட்டர், எடை 2 டன் வரை, அதாவது எட்டுப் புலி! ஆனால் அந்த ராட்சதன் தின்பது கண்ணுக்கே சரியாகத் தெரியாத மிதவை உயிரிகளைத்தான். பழைய மாலுமிகள் அதற்குப் 'பிசாசு மீன்' என்று பெயர் வைத்துப் பயந்து செத்திருக்கிறார்கள், பாவம்.

குறிஞ்சியில் பல், நெய்தலில் கொம்பு

சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலம் என்றாலே புலி வந்துவிடும். வேங்கை என்பது புலிக்கும் பெயர், மரத்துக்கும் பெயர். அந்த மரத்தின் மஞ்சள் பூக்கள் கரும்பாறை மேல் உதிர்ந்து கிடந்தால் புலி படுத்திருப்பது போலத் தெரியுமாம். யானை அதைப் பார்த்து மிரளும். வேங்கைப் பூப் பறிக்கும் பெண்கள் 'புலி புலி' என்று கூவ, ஊரே ஓடி வரும். தான் அடித்த இரை இடப்பக்கம் விழுந்தால் புலி அதைத் தின்னாது என்று ஒரு நம்பிக்கையும் பல பாடல்களில் வருகிறது. உண்மையில் எந்தப் புலியும் அப்படிப் பார்த்துச் சாப்பிடுவதில்லை. ஆனால் தன்மானம் உள்ள மனிதனுக்கு உவமை சொல்ல அது வசதியாக இருந்திருக்கிறது. போருக்குப் போன மகன் எங்கே என்று கேட்டவளிடம், அவனைப் பெற்ற வயிறு புலி தங்கிப் போன குகை மாதிரி என்று சொல்லும் தாய் புறநானூற்றில் இருக்கிறாள். குழந்தைகள் கழுத்தில் புலிப்பல் கோத்த தாலி கட்டும் வழக்கம் குறுந்தொகையில் வருகிறது. புலியைக் கொன்றவன் எடுத்த பல் பிள்ளைக்குக் காப்பு.

இப்போது நெய்தலுக்கு வருவோம். காவிரி கடலில் கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பட்டினப்பாலை. அதில் பரதவர்கள் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் ஓய்ந்திருக்கிறார்கள். சினைப்பட்ட சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வம் இருப்பதாக வழிபடுகிறார்கள். தாழம்பூ சூடி, பனங்கள் குடித்து ஆடுகிறார்கள்.

சுறாவுக்கு ஏது கொம்பு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நட்டு வைத்து வணங்குகிற மாதிரி நீண்ட கொம்பு உடைய 'சுறா' வேளா ஒன்றுதான். அதனால்தான் அந்த வரியில் இருப்பது வேளா என்று பலரும் கொள்கிறார்கள். புலவர் 'சினை' என்று சொல்வதும் பொருத்தமாக இருக்கிறது. வேளா கடலில் முட்டை இட்டுவிட்டுப் போவதில்லை, குட்டி ஈனுகிறது. பிறக்கும்போது குட்டியின் ரம்பத்தின் மேல் மெத்தென்று ஒரு உறை மூடியிருக்கும், தாயின் வயிறு கிழியாமல் இருப்பதற்கு! இன்னொரு பொருத்தமும் உண்டு. வேளாக் குட்டிகள் ஆற்று முகத்துவாரங்களில் வளரக் கூடியவை. பாட்டு நடக்கும் இடமும் முகத்துவாரம்தான்.

இரண்டு வழக்கங்களையும் ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. புலியின் பல் கழுத்தில் தொங்கும் நகை. வேளாவின் கொம்பு மணலில் நட்ட தெய்வம். ஒன்றை அணிந்துகொண்டார்கள், மற்றொன்றைக் கும்பிட்டார்கள். இந்த இரண்டை மட்டும் வைத்துச் சொல்வதானால், அந்தக் காலத்தில் ஒரு படி மேலே இருந்தது மீன்தான். இன்றைக்கு இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, இதற்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் தண்ணீரில் இருக்கிறது. பழனி மலையின் கீழ்ப்பகுதியில் தோன்றும் குடகனாறு ஆத்தூர், வேடசந்தூர் வழியாக ஓடி அமராவதியில் சேர்கிறது. அமராவதி காவிரியில் சேர்கிறது. காவிரி போய்ச் சேருவது அந்தப் பூம்புகார்க் கடலில். புலி நடந்த மலையில் பெய்த மழைதான் வேளாக் குட்டி வளர்ந்த முகத்துவாரத்தில் போய் விழுந்தது. (இன்றைக்குக் குடகனாற்றில் முழங்கால் தண்ணீர் ஓடினாலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கும் நிலை என்பது வேறு கதை.)

மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சமவெளி பழைய கணக்கில் முல்லை மாதிரி. மாடுகள்தான் சொத்து. மாட்டைத் தேடிப் புலி இறங்கி வரும், அதோடு சண்டை போட்டுச் சாகும் ஆளுக்குக் கல் நடுவார்கள். கொங்கு நாட்டிலும் அதையொட்டிய பழனிப் பக்கத்திலும் காணப்படும் புலிகுத்திக் கற்கள் அப்படி வந்தவைதான். பாய்ந்து நிற்கும் புலி, அதன் மேல் ஈட்டியோ வாளோ பாய்ச்சும் வீரன். பல கற்களில் பெயர்கூட இருக்காது. எண்ணெய் தடவி, மாலை போட்டு, இன்றும் கும்பிடுகிற கற்கள் உண்டு. புலியோடு செத்தவனுக்குக் கல் கிடைத்தது. வேளாவோடு போராடிச் செத்த பரதவனுக்குக் கடலில் எங்கே கல் நடுவது?

கொடியில் ஏறிய மிருகம்

அடுத்த கட்டத்தில் புலி அரண்மனைக்குப் போய்விட்டது. சோழர் கொடியில் புலி, பாண்டியர் கொடியில் மீன், சேரர் கொடியில் வில். சோழர் செப்பேடுகளின் முத்திரையில் உட்கார்ந்த புலியும், பக்கத்தில் இரட்டை மீனும், வில்லும் ஒன்றாக இருக்கும். மூன்று நாடும் எங்களுக்கே என்று அர்த்தம். ஆனால் அந்த மீன் கயல், நன்னீர் மீன். கொம்புள்ள கடல் தெய்வத்துக்கு எந்த ராஜாவும் முத்திரையில் இடம் கொடுக்கவில்லை.

திண்டுக்கல் கோட்டைக்குள் புலி வந்த கதை இன்னும் சுவாரசியமானது. மதுரை நாயக்கர்கள் கட்டிய இந்தக் கோட்டைக்கு 1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. அப்போது அவர் ராஜா இல்லை, ஒரு தளபதி மட்டும். இங்கே இருந்த காலத்தில்தான் பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச் சாலை அமைத்து, படையைப் பெருக்கினார். மைசூரையே பிடிக்கும் பலம் அவருக்கு வந்ததில் திண்டுக்கல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. 1782இல் அவர் இறந்து மகன் திப்பு பட்டத்துக்கு வந்தபின், புலி அந்த அரசின் முத்திரையாகவே ஆகிவிட்டது. சிம்மாசனத்தில் தங்கப் புலித் தலை, பீரங்கி வாயில் புலி முகம், சிப்பாய் உடுப்பில் புலிவரி, வாள் பிடியில் புலி. ஒரு வெள்ளைக்காரனைப் புலி கடித்துக்கொண்டிருக்கும் மரப் பொம்மை கூட! கைப்பிடியைச் சுழற்றினால் உறுமும். இப்போது அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

1790இல் ஆங்கிலேயர் திண்டுக்கல்லைப் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அது முறையாகக் கைமாறியது. 1799 மே 4ஆம் தேதி திப்பு கொல்லப்பட்டார். அந்த வெற்றிக்காக ஆங்கிலேயர் அடித்த பதக்கத்தைப் பார்த்தால் தெரியும், ஒரு சிங்கம் ஒரு புலியைக் கீழே தள்ளி மிதிக்கிறது. சண்டை இரண்டு அரசுகளுக்கு, படம் இரண்டு பெரிய பூனைகளுக்கு.

இதே வருடங்களில் வேளா எங்கே இருந்தது? 1794இல் லண்டனில் ஜான் லேதம் என்ற இயற்கை ஆய்வாளர் வேளா மீன்களின் வகைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாடம் செய்த ரம்பங்களை அளந்து, பற்களை எண்ணி, இனம் பிரித்தார். புலி அரசியலில் இருந்தபோது வேளா அலமாரியில் இருந்திருக்கிறது.

ஆயுதம் என்று பார்த்தால் திருக்கைக் குடும்பத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் பெயர் வெளியே வராத பங்கு. திருக்கைத் தோலில் முத்து முத்தாகப் பொடி எலும்பு மணிகள் இருக்கும். வியர்வையோ ரத்தமோ பட்டாலும் கை வழுக்காது. ஜப்பானியச் சாமுராய் வாள்களின் பிடியில் துணி நாடாவுக்கு அடியில் சுற்றியிருப்பது இந்தத் தோல்தான். டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் சயாமிலிருந்து கப்பல் கப்பலாகத் திருக்கைத் தோலை ஜப்பானுக்கு ஏற்றியது. பிடியின் மேலே புலி முகம் செதுக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள். பிடியைச் சுற்றிய தோல் யாருடையது என்று யார் கேட்டார்கள்?

தமிழ்நாட்டில் திருக்கை பெற்ற பெயர் இதைவிட மோசம். திருக்கை வால் என்றாலே சவுக்கு. நீளமான அந்த வாலைக் காயவைத்து வைத்திருப்பார்கள், சொரசொரப்பாக இருக்கும், பட்டால் தோல் உரியும். பண்ணையார் வீட்டுச் சுவரில் அது தொங்கும். கூலி கேட்டவன், தாமதமாக வந்தவன், எதிர்த்துப் பேசியவன் முதுகில் இறங்கும். பேய் ஓட்டவும் அதைத்தான் எடுத்தார்கள். கடலையே பார்க்காத உள்நாட்டு ஊர்களிலும் 'திருக்கை வாலால அடிப்பேன்' என்ற மிரட்டல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் மணலில் நட்டுக் கும்பிட்ட கூட்டத்து உயிர், இப்படி ஆணியில் தொங்கும் கொடுமைக் கருவியாக முடிந்தது.

அந்த வாலில் உள்ள முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 செப்டம்பர் 4ஆம் தேதி, முதலைகளோடு விளையாடி உலகப் புகழ் பெற்ற ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின், ஒரு திருக்கையின் முள் நெஞ்சில் பாய்ந்து இறந்தார். அதற்குப் பிறகு பலருக்குத் திருக்கை என்றால் கொலைகார மீன் என்று பதிந்துவிட்டது. ஆனால் அது தற்காப்பு முள். வேட்டைக்கு அது பயன்படுத்துவதில்லை. வேளாவுக்கு அந்த வால் முள்ளும் கிடையாது. அதன் ரம்பம்தான் எல்லாம். பெரிய பல் வேளாவுக்கு அதன் ஒவ்வொரு பக்கமும் 14 முதல் 24 வரை பற்கள் உண்டு. சின்ன மீன் கூட்டத்துக்குள் அதைப் பக்கவாட்டில் வீசி அடிக்கும். கலங்கிய தண்ணீரில் இரையின் உடலிலிருந்து வரும் நுண்ணிய மின்சாரத்தை உணரும் உறுப்புகளும் அந்த ரம்பத்திலேயே இருக்கின்றன. புலிக்கு மீசை, காது, கண், பல், நகம் எல்லாம் தனித்தனி. வேளாவுக்கு இரையை உணர்வதும் ஒரே கருவி, அடிப்பதும் அதே கருவி.

எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்

ஆங்கிலேயர் காலத்தில் புலிக்கு வந்தது பெரிய கண்டம். ஆபத்தான மிருகம் என்று அரசே வெகுமதி வைத்துக் கொல்லச் சொன்னது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் 80,000க்கும் மேற்பட்ட புலிகள் இந்தியாவில் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். அது போக மகாராஜாக்களின் வேட்டை வேறு. சிவிங்கிப்புலி தப்பவே இல்லை. 1952இல் அது இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். புலியும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1972 கணக்கெடுப்பில் கிடைத்த எண் 1,827.

அந்த எண்தான் புலியைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். அதே 1972இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1ஆம் தேதி புலிகள் திட்டம் 9 காப்பகங்களோடு தொடங்கியது. தமிழ்நாட்டில் 1988இல் களக்காடு முண்டந்துறை, 2007இல் முதுமலையும் ஆனைமலையும், 2013இல் சத்தியமங்கலம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை. நடுவில் சறுக்கல்களும் இருந்தன. காலடித் தடத்தை வைத்து எண்ணும் பழைய முறையில் ஏகப்பட்ட ஓட்டை. 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் கேமரா முறை நாடு முழுக்க வந்தது. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. படம் எடுத்து, வரியை ஒப்பிட்டு எண்ணினார்கள். 2006இல் நாடு முழுக்க 1,411 என்று வந்தது, தமிழ்நாட்டில் 76. 2022 கணக்கில் நாட்டில் 3,682, தமிழ்நாட்டில் 306.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் இனிப்பானது என்று சொல்ல முடியாது. காப்பகம் என்று கோடு போட்ட இடங்களில் காலம் காலமாக இருந்த மலைமக்கள் பலர் வெளியேற வேண்டியிருந்தது. மாட்டை இழந்தவர்கள் நஷ்டஈட்டுக்கு நடையாய் நடந்தார்கள். ஆனாலும் புலி திரும்பி வந்தது. அதற்குப் புலியின் உடம்பும் ஒரு காரணம். மூன்றரை மாதக் கர்ப்பம், ஒரு ஈற்றில் 2 முதல் 4 குட்டிகள். காடும் மானும் இருந்து, துப்பாக்கியும் பொறியும் இல்லாவிட்டால் பெருகிவிடும்.

கடலில் நடந்ததோ வேறு. 1950களில் இந்தோ நார்வே திட்டம் கேரளக் கரையில் தொடங்கி, விசைப்படகும் இழுவலையும் தென்னிந்தியக் கடலுக்குள் வந்தன. பருத்தி வலை போய் நைலான் வலை வந்தது. இறால் ஏற்றுமதி சூடு பிடித்தது. மீனவர் வருமானம் உயர்ந்ததும் உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் அடிமட்டத்தை வாரிக்கொண்டு போகும் வலையில் முதலில் மாட்டுவது மணலில் படுத்திருக்கும் உயிர்கள்தான். பாக் நீரிணை, மன்னார் வளைகுடாப் பக்கம் திருக்கை வலை என்றே ஒரு வலைக்குப் பெயர் உண்டு. வேளாவுக்கோ அந்த வலை, இந்த வலை என்றில்லை. எந்த வலையானாலும் ரம்பத்தின் ஒரு பல் மாட்டினால் போதும், உதறி உதறி முழுதாகச் சுற்றிக்கொள்ளும். எந்தக் கொம்பை வைத்து அது தெய்வமானதோ, அந்தக் கொம்பே அதற்கு எமன். துடுப்பு ஏற்றுமதிக்கு, இறைச்சி கருவாட்டுக்கு, ரம்பம் சுவரில் மாட்ட.

இதில் முக்கியமான விஷயம், புலியைக் கொன்றவர்கள் எண்ணிக் கொன்றார்கள். வெகுமதி கொடுத்ததால் கணக்குப் புத்தகம் இருந்தது. வேளாவை யாரும் கொல்லக் கிளம்பவில்லை, வேறு எதையோ பிடிக்கப் போன வலையில் அது செத்தது. அதனால் கணக்கும் இல்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குறைவாக வந்து, பிறகு எப்போதாவது வந்து, பிறகு வயதானவர்கள் மட்டும் பேசும் மீனாகிவிட்டது.

சட்டம் வந்தது 2001இல், அதாவது புலிக்கு வந்து 29 வருடம் கழித்து. அதுவும் குழப்பத்தோடு வந்தது. ஜூலையில் எல்லாச் சுறாக்களையும் எல்லாத் திருக்கைகளையும் ஒரே அடியாகத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். மீனவர்கள் கொதித்தார்கள், நியாயம்தானே? திருக்கையும் சுறாவும் அன்றாடம் வலையில் விழும் மீன், அதை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. டிசம்பரில் பட்டியலை 10 இனங்களாகச் சுருக்கினார்கள். வேளா இனங்கள் அதில் நிலைத்தன. முதல் அட்டவணை, புலிக்கு உள்ள அதே இடம். காகிதத்தில் வேங்கையும் வேளாவும் மறுபடியும் சமமாகிவிட்டன! உலக அளவில் 2007இல் வேளா வணிகத்துக்குத் தடை வந்தது. ஒரே ஒரு இனத்தை மட்டும் உயிருடன் மீன் காட்சியகங்களுக்கு விற்க விட்டுவைத்திருந்தார்கள், 2013இல் அதையும் மூடினார்கள். கொம்புத் திருக்கைகள் 2013இல் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு வந்து, 2025 சமர்கந்து மாநாட்டில்தான் முழுத் தடைக்குப் போயின. சீன மருந்துக் கடைகளுக்குப் போகும் அவற்றின் செவுள்தான் காரணம்.

காகிதச் சமம் கடலில் எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காட்டில் வேலி போடலாம், காவலர் நடக்கலாம், மரத்தில் கேமரா கட்டலாம். கடலில் வலையை இழுக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று மீனவருக்கே தெரியாது. முதல் அட்டவணை உயிரைக் கொன்றால் 3 முதல் 7 வருடம் சிறை. அப்படியிருக்க, தெரியாமல் ஒரு வேளா மாட்டிவிட்டால் என்ன செய்வார்? வலையை அறுத்து விட்டால் வலைக்குப் பல ஆயிரம் நஷ்டம். கரைக்குக் கொண்டு வந்தால் வழக்கு. துண்டு போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. மூன்றாவதுதான் எளிது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு தகவல்கூட மிஞ்சாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்கும் இதே நிலைதான் இருந்தது. 2004இல் அங்கே ஒரு பிரசாரம் தொடங்கியது. ஆன்மிகப் பேச்சாளர் மொராரி பாபு, அது தாய்வீட்டுக்குப் பிள்ளைப் பேற்றுக்கு வரும் மகள் மாதிரி என்று மீனவர்களிடம் எடுத்துச் சொன்னார். வலையை அறுத்து அதை விடுவித்தால், கிழிந்த வலைக்கு வனத்துறை பணம் கொடுத்தது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் உயிரோடு திரும்பிப் போயிருக்கின்றன. மகள் என்று சொன்னது பாதி வேலை செய்தது, வலைக்குக் காசு கொடுத்தது மீதி வேலை செய்தது. வேளாவுக்குச் சொல்ல இதைவிடப் பெரிய உறவு பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லத்தான் யாராவது வேண்டும். (வலைக் காசும் வேண்டும்.)

எண்ணுவது முடியாத காரியமும் இல்லை. கொம்புத் திருக்கையின் வயிற்றில் உள்ள புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று வேறுபடும், புலி வரி மாதிரியே. மாலத்தீவில் 2005 முதல் அடியில் நீந்திப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பதிவு செய்து வருகிறார்கள். எந்தத் திருக்கை எந்த வருடம் கர்ப்பமாக இருந்தது என்பது வரை தெரிகிறது. அதனால்தான் இன்னொன்றும் தெரிய வந்தது. ஒரு கொம்புத் திருக்கை சுமார் ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனுகிறது, அடுத்த குட்டிக்கு இரண்டு முதல் ஐந்து வருடம். புலி வேகத்தில் இவை திரும்பி வரவே முடியாது. சிவிங்கிப்புலியை 2022இல் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டு வந்து மத்தியப் பிரதேசக் குனோவில் இறக்கினார்கள். 6 மீட்டர் வேளாவை எந்த விமானத்தில் ஏற்றுவது, எந்தக் கடலில் விட்டு எப்படிக் காவல் காப்பது?

பெயர்களில் மட்டும் இரண்டு கூட்டமும் அவ்வப்போது சந்தித்துக்கொள்கின்றன. 2008இல் அறிவியல் உலகம் புதிதாக இனம் பிரித்த ஒரு பெரிய திருக்கைக்கு, முதுகில் உள்ள வளையப் புள்ளிகளைப் பார்த்துச் சிறுத்தையின் பெயரையே வைத்தார்கள். இந்தியக் கடலிலும் அது உண்டு. அதற்கு முன்பும் வலையில் விழுந்துகொண்டுதான் இருந்தது, புள்ளித் திருக்கை என்ற பொதுப்பெயரில். உப்புப் போட்டு, தோல் உரித்து, கீற்றுக் கீற்றாகக் காயவைத்தபின் திண்டுக்கல் கடைக்கு வந்து சேரும்போது அதில் புள்ளியும் இருக்காது, வரியும் இருக்காது. கடைக்காரர் 'திருக்கை' என்பார், கிலோ இவ்வளவு என்பார். எந்த இனம், எந்தக் கடல் என்று அவருக்கும் தெரிய வழியில்லை.

பட்டினப்பாலைப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகவில்லை என்று மேலே பார்த்தோம். இன்று தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போவதில்லை. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை, 2017இலிருந்து 61 நாள். அந்த நாட்களில் திண்டுக்கல்லில் மீன் விலை ஏறும், கருவாட்டுக் கடையில் கூட்டம் கூடும்.